பத்துக் காலடி

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. காலையில் கனி பார்த்தோம். மதியம் ஆனைமலை ரோட்டில் சம்பந்தி சென்னியப்பன் தோப்பில் விருந்து. அங்கே கண்ட காட்சியில் அதிர்ந்து நின்றுவிட்டேன். அறுபத்தைந்து வயது மனிதர், பேத்தி எடுத்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒன்றைத் தோப்புக்குள் எறிந்துவிட்டு அதன் பின்னாலேயே போகிறார்.

எல்லாம் மாப்பிள்ளை தரணிதரனின் வேலை. அமெரிக்காவில், டென்வரில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவர் சும்மா வந்திருக்கலாம். ஒரு இரும்புக் கூடையையும் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் வட்டுகளையும் கொண்டுவந்து மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கடை பரப்பிவிட்டார். வட்டை எறிந்து எறிந்து கடைசியில் கூடைக்குள் விழ வைக்க வேண்டுமாம். தூரமாகப் போகிற வட்டுக்கு டிரைவர் என்று பெயர். நான் வண்டி ஓட்டுகிறவரைச் சொல்கிறார் என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தேன்.

கூடையைச் சுற்றிலும் சங்கிலி தொங்குகிறது. அது மட்டும் எனக்குப் பிடித்தது. குறுவட்ட அளவராக முப்பத்தைந்து வருடம் நிலம் அளக்கிற சங்கிலி இழுத்தவன் நான். ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து ஒரு குறு வட்டு மறுபடியும் சங்கிலிக்குக் கூப்பிடுகிறது.

நான் எறிந்த முதல் வட்டு முதல் மரத்தில் மோதித் திரும்பி என் காலடியிலேயே விழுந்தது. சம்பந்தி சிரித்த சிரிப்பில் பாயசம் புரையேறியது. அவருக்குத்தான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாப்பிள்ளை டேப் எடுக்கப் போனார். வேண்டாம் என்றேன். என் காலடி இரண்டரை அடி. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. தாலுகாவுக்கே தெரியும்.

இந்தத் தோப்புக்குக் குழி குறித்துக் கொடுத்தவனே நான்தான். 1991. அப்போது சென்னியப்பன் எனக்குச் சம்பந்தி இல்லை, வெறும் பட்டாதாரர். மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி. நான் பத்துக் காலடி வைத்து நிற்பேன், ஆள் சுண்ணாம்பு போடுவார், மறுபடி பத்து. சென்னியப்பன் சந்தேகப் பிராணி, பின்னாலேயே டேப் வைத்துப் பார்த்தார். ஒரு விரல் வித்தியாசம் இல்லை. அன்றைக்கே இந்த ஆளுக்குப் பெண் கொடுக்கலாம் என்று சொன்னாராம். பிறகு என் பெண்ணைத்தான் எடுத்தார்கள்.

முதல் மரத்தடியில் நின்று எறிகிறோம். என் வட்டு ஏழாவது மரத்தடியில் விழுந்தது. நடந்து எண்ணினேன். அறுபத்தாறு காலடி. சம்பந்தியின் வட்டு எட்டாவது மரத்தில், இடி விழுந்து தலை போன மொட்டைத் தென்னையில் இடித்தது.

"மொட்டையத் தொடறதுக்கே உங்களுக்கு ரெண்டு பொங்கல் ஆகுமுங்க," என்றார்.

"வர்ற பொங்கலுக்குள்ள நூறு காலடி எறியறேன். இல்லாட்டி மீசைய எடுத்துக்கறேன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்பிருந்து இருக்கிற மீசை. கமலவேணி என்னை அது இல்லாமல் பார்த்ததில்லை.

மே 5, ஞாயிறு

மாப்பிள்ளையின் பாடம்: "கையால எறியாதீங்க மாமா. இடுப்பு முன்னால, தோள் அப்புறம், கை கடைசி. வட்டோட மூக்கு மேல பாக்கக் கூடாது. மூக்கு தூக்குச்சுன்னா அது வானத்துக்குப் போகும், தூரம் போகாது."

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று இடுப்பைத் திருப்பிப் பழகினேன். கமலவேணி பால் பாத்திரத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, ஒடம்புக்கு என்னமாச்சுங்களா?"

விளக்கினேன். விளக்கிய பிறகு முன்பைவிட அதிகமாகப் பயந்தாள்.

மே 26, ஞாயிறு

எழுபது. ஏழாவது மரத்தைத் தாண்டிச் சற்று. கை பழகுகிறது.

இந்தப் பேனாவின் ரீஃபில் மெல்லிசு. எழுத்து சின்னதாக வருகிறது. ஏப்ரலில் பக்கத்துக்குப் பதினெட்டு வரி எழுதியிருக்கிறேன், இப்போது இருபத்துநாலு. சிக்கனம் நல்லதுதான்.

ஜூன் 16, ஞாயிறு

மொட்டையைத் தொட்டுவிட்டேன். எழுபத்தேழு காலடி. எனக்கே நம்ப முடியவில்லை, இரண்டு முறை நடந்து எண்ணினேன். இரண்டாவது முறை எழுபத்தெட்டு. சம்பந்தி இளநீர் வெட்டப் போய்விட்டார்.

முன்காலை ஊன்றிக்கொண்டு இடுப்பைத் திருப்புவதுதான் சூட்சுமம். அறுபத்துநாலு வயதில் பதினோரு காலடி கூட்டியிருக்கிறேன், எட்டே வாரத்தில். அலுவலகத்தில் யாராவது இப்படி உழைத்திருந்தால் தாசில்தார் மயங்கி விழுந்திருப்பார்.

ஜூலை 7, ஞாயிறு

தோப்புக்குப் போகவில்லை. மழை. ரசத்தில் பெருங்காயமே போடவில்லை என்றேன். போட்டேன் என்று டப்பாவைக் கொண்டுவந்து மூக்கடியில் நீட்டினாள். மோந்து பார்த்தேன். வெறும் மாவு. இந்தக் காலத்தில் பெருங்காயத்தில்கூடக் கலப்படம். கடையை மாற்றச் சொன்னேன்.

இன்னொன்று. கமலவேணிக்கு வரவர நடை வேகமாகிவிட்டது. சந்தைக்குப் போனால் பத்தடி முன்னால் போய்விட்டு நின்று நின்று திரும்பிப் பார்க்கிறாள். அறுபது வயதில் என்ன அவசரமோ.

ஜூலை 21, ஞாயிறு

ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து தோப்பையே சாய்த்தது. காற்று முதுகில் இருந்தும் வட்டு மொட்டையடியில்தான் விழுந்தது. எண்பத்தொன்று. ஆக, காற்றுக்கு நாலு காலடி.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கமலவேணியின் தம்பி நாச்சிமுத்து, சுல்தான்பேட்டையில் வாங்கின மனைக்குச் சுற்றுச்சுவர் கட்ட இன்று கல் ஊன்றினான். வந்து அளந்து கொடுங்கள் மாமா என்றான். மனையின் நீளம் அறுபதடி என்று பத்திரம் சொல்கிறது. நடந்தேன். இருபத்தெட்டு காலடி. அதாவது எழுபதடி.

"பத்தடி ரோட்டுல ஏறிக் கெடக்குது நாச்சிமுத்து. கட்டீட்டீன்னா நாளைக்குப் பஞ்சாயத்துல இருந்து இடிக்க வருவாங்க," என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. எதிர் மனைக்காரர் வந்து கத்த ஆரம்பித்தார். அரை மணி நேரம் ரகளை. கொத்தனார் டேப்பைப் போட்டார். அறுபது. இரண்டாம் முறை போட்டார். அறுபது.

என் கண்முன்னால் நடந்ததால் எழுதுகிறேன். அந்த டேப் எங்கோ அறுந்து ஒட்டுப் போட்டது. சொன்னேன். நாச்சிமுத்து, "பரவால்லீங்க மாமா, மண்ணு மேடும் பள்ளமுமா இருக்குதுங்க," என்றான். மண் சமமாகத்தான் இருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவை என் காலடியை ஒரு கொத்தனார் திருத்தினார். பஸ்ஸில் கமலவேணி என் பக்கம் திரும்பவே இல்லை, சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எண்பத்து நாலு. மொட்டையடியில்.

சம்பந்திக்குக் காது போய்விட்டது. பாவமாக இருக்கிறது. நான் எதைச் சொன்னாலும், "சத்தமாச் சொல்லுங்க சம்பந்தி, கேக்குலீங்க," என்கிறார். மாப்பிள்ளையிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், அப்பாவை ஒரு காது டாக்டரிடம் காட்டுங்கள் என்று. அவரும், "என்ன மாமா சொன்னீங்க?" என்றார். பரம்பரை போலிருக்கிறது.

செப்டம்பர் 25, புதன்

செருப்பை மாற்றினேன். பழையது தரையை உரசிக்கொண்டே வருகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

மாப்பிள்ளை இன்று ஓடி வந்து எறியக் கற்றுக் கொடுத்தார். மூன்று எட்டு எடுத்து வைத்து, நடு எட்டில் ஒரு காலை இன்னொன்றுக்குப் பின்னால் குறுக்கே போட வேண்டும். அதில்தான் வேகம் பிறக்கிறதாம். அவர் செய்தால் பரதநாட்டியம் போல் இருக்கிறது.

நான் முதல் எட்டு வைத்தேன். இரண்டாவது வைக்கப் போனேன், கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு போய்விட்டது, கால் வரவில்லை. முழங்கால் அடிபட விழுந்தேன். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சியிருப்பார்கள், சேறு. சம்பந்தி ஓடி வந்து தூக்கினார். அவர் காலில் செருப்பில்லை, பாதம் காய்ந்த மண்ணாக இருந்தது.

"தண்ணி உட்டு அஞ்சு நாளாச்சுங்களே," என்றார், மெதுவாக, யாரிடமும் இல்லாமல்.

நின்ற இடத்திலிருந்தே எறிந்தேன். எண்பத்தெட்டு. விழுந்து எழுந்தவன் எறிந்த தூரம் இது. வேறொருவனாக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பான்.

நவம்பர் 17, ஞாயிறு

தொண்ணூற்றொன்று.

எண்ணி முடித்து நிமிர்ந்தால் சம்பந்தி மொட்டைத் தென்னையைக் கையால் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஏனுங் சம்பந்தி, வட்டு மாசக்கணக்கா இந்த மொட்டைக்கிட்டயேதானுங்களே கெடக்குது?"

"எறியற எடத்துல முன்னப் பின்ன நிக்கறமுங்க. நீங்க மரத்தப் பாக்கறீங்க, நான் தூரத்தப் பாக்கறேன்," என்றேன்.

வேறு நாளாக இருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார். சந்தேகப் பிராணி. இன்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மீசையைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன் என்று பொறாமை. எழுதும்போது ஒரு கணம் என்னவோ போல் இருந்தது. தூங்கினால் சரியாகிவிடும்.

டிசம்பர் 15, ஞாயிறு

தொண்ணூற்று நாலு.

மைதிலி சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கோயமுத்தூரில் ஒரு முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளலாமே அப்பா என்றாள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, தொண்ணூற்று நாலு காலடி எறிகிறேன், எனக்கு எதற்கு என்றேன். கமலவேணி, "வலது கைய ஆட்டாமயே நடக்கறீங்க. கட்டிப் போட்ட மாதிரி," என்றாள். எறிகிற கைக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்றேன். அம்மாவும் பெண்ணும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

இவர்கள் ஏதோ பேசி வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் ஓட்டைகளைச் சின்னதாக வைத்துத் தைத்துவிட்டான் தையல்காரன். ஐந்து பொத்தானுக்குக் கால் மணி நேரம். கமலவேணி உதவ வந்தாள், வேண்டாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அலுவலக நாட்குறிப்பில் ஒரு நாளும் பொய் எழுதியவனில்லை. இதில் எழுதினேனா என்று இப்போது தெரியவில்லை.

பொங்கலின் கடைசி நாள், பூப்பறிக்கும் நோன்பு. பெண்கள் ஆவாரம்பூ பறித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் தோப்பில். மொட்டைத் தென்னையில் சம்பந்தி ஒரு கரும்பைக் கட்டி வைத்திருந்தார். முழுக்கச் சவரம் செய்யும் செட்டு ஒன்றும் தட்டில் வெற்றிலையோடு தயாராக இருந்தது. கேலிக்கு.

மூன்று வட்டு எறியலாம் என்று பேச்சு. முதல் இரண்டும் மரத்தில் பட்டன. மூன்றாவதை எடுத்தேன். இடுப்பு, தோள், கை. கையை விட்டுப் போகும்போதே தெரிந்தது. தட்டையாக, மூக்கைத் தூக்காமல், இரண்டு மர வரிசைக்கு நடுவே போய் மொட்டையைத் தாண்டி, அடுத்த மரத்துக்குப் பாதி தூரத்தில் இறங்கியது. இவ்வளவு தூரம் நான் எறிந்ததே இல்லை. பேத்தி கைதட்டினாள்.

நடந்தேன். எல்லோரும் கூடவே வந்தார்கள். சத்தமாக எண்ணினேன். நூற்று ஒன்று.

சம்பந்தி உடனே தட்டை எடுத்துக்கொண்டு, "செயிச்சுட்டீங்க சம்பந்தி. மீசை பொழச்சுது. வாங்க சாப்பிடலாம்," என்றார். அந்த அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தோற்ற மனிதன் இத்தனை சுலபமாகத் தோற்க மாட்டான்.

மாப்பிள்ளையின் கையில் போன். அதில் ஏதோ செயலி, எறிந்த தூரத்தைக் காட்டும். எவ்வளவு என்றேன். "விடுங்க மாமா," என்றார். காட்டுங்கள் என்றேன். நூற்று எண்பத்தேழு அடி.

நூற்று ஒன்று பெருக்கல் இரண்டரை, இருநூற்று ஐம்பத்திரண்டரை அடி. அறுபத்தைந்து அடியைப் போன் தின்றுவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கொத்தனார் டேப்பு ஞாபகம் வந்தது.

"போனுக்கும் எனக்கும் நடுவுல மரமே சாட்சி. இந்த மரமெல்லாம் நான் வெச்ச காலடி. மரத்துக்கு மரம் பத்து. எல்லாரும் பாருங்க," என்றேன்.

"வேண்டாமுங்க," என்றாள் கமலவேணி.

"வேண்டாம் சம்பந்தி," என்றார் அவரும்.

மொட்டைத் தென்னையில் முதுகை வைத்து நின்றேன். ஒன்பதாவது மரத்தைப் பார்த்து நடந்தேன். ஒன்று, இரண்டு. முதுகு நிமிர்ந்து, தாலுகா ஆபீஸ் ஜீப்பிலிருந்து இறங்கினவன் மாதிரி நடந்தேன். எட்டு, ஒன்பது. பத்து என்று சொல்லிக் கையை நீட்டினேன்.

மரம் இல்லை.

மரம் எதிரே இருந்தது. நான் அங்கே இல்லை. என் கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம். பேத்தி, "தாத்தா, இன்னும் இருக்குது," என்றாள். நடந்தேன். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலாவதில்தான் கை பட்டது.

மரம் நகராது. முப்பத்து மூன்று வருடம் வேர் விட்டது. இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஒரு முறை இல்லை, பல முறை. மரம் நகராது என்றால் நகர்ந்தது எது.

திரும்பிப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது. என் காலடி குறைந்துவிட்டதை எல்லோரும் முன்னாலேயே அளந்து வைத்திருந்தார்கள்.

கமலவேணி வந்து கையைப் பிடித்தாள்.

"எனக்கு ஆடி மாசமே தெரியுமுங்க. நா வேகமா நடக்குலீங்க. எப்பவும் போலத்தான் நடந்தேன்."

ஜனவரி 17, வெள்ளி

எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 20, திங்கள்

கோயமுத்தூர். நரம்பு டாக்டர் ஒரு பெண், மைதிலி வயதுதான் இருக்கும். ஸ்கேன் ஏதாவது எடுப்பார் என்று நினைத்தேன். நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். விரலையும் கட்டைவிரலையும் வேகமாகத் தட்டிக் காட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை நாலு தட்டில் அயர்ந்துவிட்டது. என் கைதான், என் கண்முன்னால்.

"வாசனை தெரியுதுங்களா ஐயா?"

ஜூலை மாத ரசம் ஞாபகம் வந்தது. இல்லை என்றேன். கமலவேணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெருங்காயம் நல்ல பெருங்காயம்தான். நான்தான் அவளைக் கடை கடையாக அலைய விட்டேன்.

"பேசற சத்தம் கொறஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியுதா?"

சம்பந்தியின் காது நினைவுக்கு வந்தது. நல்ல காது.

எழுதிப் பழக்கம் உண்டா என்று கேட்டார். மைதிலி என் பையிலிருந்து இந்த நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள். டாக்டர் ஏப்ரல் பக்கத்தையும் ஜனவரிப் பக்கத்தையும் விரித்து, நடுப் பக்கங்களைக் கையில் திரட்டிப் பிடித்துக்கொண்டு காட்டினார். இரண்டையும் ஒன்றாக நான் இதுவரை பார்த்ததில்லை. ஏப்ரலில் எழுத்து நெல்மணி அளவு. ஜனவரியில் கடுகு. ஒவ்வொரு வரியும் போகப் போகச் சுருங்கி, ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி முடிகிறது. படிக்க எனக்கே கண்ணாடி வேண்டியிருந்தது. பிறகு மே மாதப் பக்கத்துக்குத் திருப்பினார், ரீஃபில் மெல்லிசு என்று எழுதியிருந்த இடத்தில் டாக்டர் விரல் நின்றது. படித்தார். சிரிக்கவில்லை.

பார்க்கின்சன் என்றார். முழுக்கக் குணமாகாது, மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம், பயிற்சி கட்டாயம் என்றார். மற்றதெல்லாம் என் காதில் விழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு மனிதர் தலை குனிந்து, முழங்கை மடங்கி, சின்னச் சின்னதாக அடியெடுத்து வைக்கிறார். அவர் காலுக்கடியில் அம்புக்குறி போட்டு அளவு எழுதியிருந்தது. முப்பத்தைந்து வருடம் அடுத்தவன் நிலத்தை அளந்தேன். என்னை அளந்து சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். மாப்பிள்ளை டீ வாங்கப் போகிற மாதிரி நகர்ந்து நின்றுகொண்டார். நல்ல பையன்.

ஜனவரி 22, புதன்

மாத்திரை தொடங்கியது. தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்.

இந்த நோட்டை ஏப்ரலிலிருந்து படித்தேன். கால் சுருங்கியதைத் தவிர வேறு எல்லாவற்றையும் குற்றம் சொல்லியிருக்கிறேன். பேனா, பெருங்காயம், செருப்பு, சேறு, டேப், தையல்காரன், சம்பந்தியின் காது, பெண்டாட்டியின் நடை. ஒரு மனுவில் இத்தனை எதிர்மனுதாரர்களை நான் பார்த்ததில்லை.

சிவப்புப் பேனா எடுத்து எல்லாக் கணக்கையும் அடித்துத் திருத்தினேன். அறுபத்தாறு என்பதை அடித்து, முதல் மரத்திலிருந்து ஆறு மர தூரம், அதாவது ஆறு மரம். எழுபத்தேழு, ஏழு மரம். எண்பத்தொன்று, ஏழு. எண்பத்து நாலு, ஏழு. தொண்ணூற்று நாலு, ஏழு. ஏழு, ஏழு, ஏழு என்று சிவப்பில் போய்க்கொண்டே இருந்தது. நூற்று ஒன்றை அடித்து ஏழரை மரம் என்று போட்டேன். என் பழைய காலடியில் எழுபத்தைந்து.

நூறு இல்லை. தோற்றுவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

சம்பந்தியைப் பொள்ளாச்சிக்கு, எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். சவர செட்டு வைத்திருந்த அந்தத் தட்டையும் கொண்டுவரச் சொன்னேன்.

"காலடின்னுதானுங்களே பேசுனோம். எந்த வருசத்துக் காலடின்னு பேசுலீங்களே. நீங்க நடந்தீங்க, நூத்தி ஒண்ணு வந்துச்சு. கணக்கு முடிஞ்சுதுங்க," என்றார்.

"தப்பான அளவுல கெடச்ச நெலத்த நான் யாருக்கும் எழுதிக் குடுத்ததில்லீங்க சம்பந்தி."

"எனக்கு ஐப்பசியிலயே தெரியுமுங்க. நீங்க உழுந்தப்ப. மரத்தத் தட்டிக் காட்டலாம்னு பாத்தேன், வாய் வருலீங்க." அவர் குரல் உடைந்துவிட்டது. "மீசைய எடுத்துட்டா நான் உங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறதுங்க."

சவரக்கத்தியை நானே எடுத்தேன். வலது கை உதட்டுக்கு வருவதற்குள் நடுங்கியது. கமலவேணி வாங்கிக்கொண்டாள். நாற்பது வருடத்தில் அவள் எனக்குச் சவரம் செய்தது இதுதான் முதல் தடவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். முடிந்ததும் கண்ணாடியைக் காட்டினாள். யாரோ ஒரு ஆள் என்னைப் பார்த்து விழித்தார்.

அவள் மிச்ச நுரையைத் துடைத்துவிட்டாள்.

"இத்தன வருசமா இந்த ஒதட்ட எங்க வெச்சிருந்தீங்க," என்றாள். சம்பந்தி சிரித்தார். பிறகு மூன்று பேரும் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பயிற்சி கொடுக்கிறவர் சொன்னது: தரையில் கோடு போட்டு, கோட்டைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். கோடு இல்லாவிட்டால் கால் மறந்துவிடுமாம், கோட்டைக் கண்டால் ஞாபகம் வந்துவிடுமாம். பெரிசாக, பெரிசாக என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வைக்க வேண்டும். பேசும்போதும் கத்துவதாக நினைத்துக்கொண்டு பேச வேண்டும். எழுதும்போதும் அப்படியே. இந்தப் பக்கத்தில் வரி பதினாறு.

கமலவேணி வாசலில் கோலமாவில் கோடு போடுகிறாள். டேப் வைத்து, இரண்டடிக்கு ஒன்று. அடுத்த வாரம் கூட்டுவாளாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நோன்பு என்று கேட்டார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் தோப்பு.

மொட்டைத் தென்னைக்கும் ஒன்பதாவது மரத்துக்கும் நடுவே தென்னை மட்டைகளைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார் சம்பந்தி. கமலவேணி டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டரை அடிக்கு ஒன்று. அவர் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகப் பிராணி.

எனக்கு நம்பிக்கை இல்லை. மொட்டையில் முதுகை வைத்து நின்றேன். பெரிசாக என்றேன், சத்தமாக. தோப்புக்கே கேட்டது. முதல் மட்டையைத் தாண்டினேன். கால் வந்தது. மூன்றாவதில் தடுமாறினேன், யாரும் பிடிக்க வரவில்லை, அப்படிப் பேசி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஐந்து. ஆறு. ஒன்பதில் மட்டைகள் முடிந்துவிட்டன, எதிரே வெறும் மண். அங்கே ஒரு கணம் கால் நின்றுவிட்டது. பெரிசாக என்று மறுபடியும் கத்தினேன். வைத்தேன்.

பத்து என்று சொல்லிக் கையை நீட்டினேன். கை நேராகப் பட்டையில் இடித்து, விரல் முட்டி சிராய்த்துவிட்டது. அதிர்ந்துபோய் அப்படியே நின்றேன். கையை எடுக்கவில்லை.

கமலவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டு மட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு வட்டு எறிந்தேன். ஆறரை மரம். தூரம் குறைவு. அளவு சரி.